எந்தப் படகு, எத்தனை நாள் ஐஸ்?

மீன் வாங்கக் கிளம்பும்போதே முக்கால்வாசிப் பேர் மனதில் மீன் முடிவாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் வஞ்சிரம், கை கடித்தால் சங்கரா, பிள்ளைகளுக்கு இறால். அன்றைக்குக் கடலில் என்ன அகப்பட்டது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வடசென்னையில் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருந்துகொண்டு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் இருந்துகொண்டு இப்படி வாங்குவது பெரிய வீண். முதலில் மீனைப் பார்க்க வேண்டும். குழம்பா வறுவலா என்பதை அந்த மீன் சொல்லும். அது சொல்வது புரிய, அது எந்தப் படகில், எத்தனை நாள் ஐஸில் இருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூடைகளுக்குள் ஒரு வாரம் வித்தியாசம் இருக்கலாம். லாஞ்சு என்று எல்லோரும் சொல்லும் விசைப்படகு கடலுக்குப் போனால் பல நாள் தங்கி, இழுவலை போட்டு, ஐஸ் அறையை நிரப்பிக்கொண்டுதான் திரும்பும். முதல் நாள் ஏறிய மீன் அடியில் இருக்கும், கடைசி நாள் மீன் மேலே இருக்கும், கரையில் எல்லாம் ஒரே ஏலத்துக்கு வந்துவிடும். ஃபைபர் படகு அப்படியில்லை. ராத்திரியிலோ விடியற்காலையிலோ போகும், சில மணி நேரத்தில் திரும்பும். மத்தி இனத்துச் சின்ன மீனான கவலை, கானாங்கெளுத்தி, கிழங்கான், காரப்பொடி மாதிரிக் கரையோர மீன்கள் அதில் வரும். திருவொற்றியூர்க் குப்பங்களில் மணலில் ஏற்றிய படகுக்குப் பக்கத்திலேயே வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருப்பார்கள். அந்த மீனுக்கு வயது மணிக்கணக்கில்தான்.

அதனால் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: "இன்னாக்கா, ஃபைபர் மீனா, லாஞ்சு மீனா?" பெரும்பாலான மீன்காரம்மாக்கள் நேராகவே சொல்லிவிடுவார்கள். "கவலை காலைல எறங்குனதுப்பா, சங்கரா ஐஸ்ல வந்தது" என்று அவர்கள் சொன்னால் ராத்திரிச் சாப்பாடு முடிவாகிவிட்டது, கவலைதான்.

ஐஸ் மீனைக் கெட்ட மீன் என்று நினைக்க வேண்டாம். பிடித்தவுடனே மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு, தண்ணீர் வடிய வைத்து வந்த சங்கராவோ பாறையோ ஐந்தாறு நாள் கழித்தும் நன்றாக இருக்கும். காலையில் பிடித்து, மத்தியானம் வரை பிளாட்பாரத்து வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த 'ஃப்ரெஷ்' மீன்தான் ஆபத்து. கவலை, கானாங்கெளுத்தி, சூரை மூன்றிலும் இது ரொம்ப முக்கியம். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உதடு எரிந்து, தலை வலிப்பது அதனால்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமைன் போகாது. மீன் சேரவில்லை, அலர்ஜி என்று பலர் சொல்வது சில நேரம் இந்தச் சமாச்சாரமாகவே இருக்கும். கையில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியோ, இரண்டு கை ஐஸ் போட்டுக்கொள்ளக் கெட்டியான பையோ இல்லாமல் கவலை வாங்கப் போகக் கூடாது.

பார்த்து வாங்குவதிலும் கவலைக்குத் தனி வழி உண்டு. பெரிய மீனில் செவுளைத் திறந்து பார்ப்போம். கவலையில் வயிற்றைப் பார்க்க வேண்டும். அது மிதவை உயிர்களைத் தின்னும் மீன். வயிறு நிறைய இரையோடு வலையில் மாட்டியிருந்தால், செத்த பிறகும் அதன் செரிமான நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் வயிற்றுச் சுவர் கரைந்து வெடித்துவிடும். கூடையில் நாலைந்து மீன் வயிறு வெடித்திருந்தால் மீதியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் வால் தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். செதில் உதிர்ந்திருப்பது குறையில்லை, கவலைக்குச் செதில் வலையிலேயே உதிர்ந்துவிடும். நெய் மத்தி உருண்டையாக, கொழுப்பாக இருக்கும். நம்ம ஊர்க் கவலை பக்கவாட்டில் தட்டை, அடிவயிறு கத்தி மாதிரி கூர்மை. முள் கொஞ்சம் அதிகம், விலை குறைவு.

வருடத்தில் மீன் எங்கிருந்து வருகிறது என்பது தேதியைப் பொறுத்தும் மாறும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017 முதல் 61 நாள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஏப்ரல் கடைசியில் உங்கள் தெருக்கடையில் பெரிய வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தால், அது கேரளாவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ லாரியில் வந்திருக்கலாம், அல்லது குளிர்கிடங்கிலிருந்து வந்திருக்கலாம். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் பெரும்பாலான விசைப்படகுகள் ஓடாது. அப்போதும் ஃபைபர் படகும் கட்டுமரமும் போகும். தடைக்காலத்தில்தான் சின்ன மீனுக்கு நல்ல மரியாதை கிடைக்கிறது. வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டிய மரியாதை அது.

இறாலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் ஒரே அளவில், வெளிர் நிறத்தில் குவித்திருப்பது பெரும்பாலும் வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம். இந்தியாவில் பண்ணை வளர்ப்புக்கு 2009-ல் அனுமதி கிடைத்தது. குளத்தில் அதற்குப் போடும் தீவனத்தில் மீன் மாவு சேரும். அந்த மாவில் போவது கவலை, மத்தி மாதிரியான சின்ன மீன்கள். மனுஷன் நேராகத் தின்னக்கூடிய மீனை அரைத்து, இன்னொன்றுக்குப் போட்டு, அதைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். கவலையை நேராகவே சாப்பிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை. கட்லாவும் ரோகுவும் ஆந்திரக் குளங்களிலிருந்து வருகின்றன. அவற்றில் குறை ஒன்றுமில்லை, ஆனால் குழம்புச் சட்டியில் கடல் வாசனையை எதிர்பார்க்க முடியாது.

எண்ணூரைத் தள்ளிவிட்டு வடசென்னையில் மீனைப் பற்றி எழுத முடியாது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் நம் சாப்பாட்டுத் தட்டின் பெரும் பகுதியைக் கொடுத்த இடம். மடவை, கொடுவா, சேற்று நண்டு, சேற்றில் கையால் தடவிப் பிடிக்கும் இறால் எல்லாம் அங்கே இருந்தன. கடல் மீன்கள் பலவும் குஞ்சாக இருக்கும்போது உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இந்த மாதிரி ஆழமில்லாத இடத்தில்தான் வளரும். அந்தத் தண்ணீரில் பல வருடமாக அனல் மின் நிலையச் சாம்பல் கலந்து தரையை மேடாக்கியிருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, ஆட்கள் பாறையில் நின்று பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் ஆற்றில் இறங்கி, படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்துப்போயின.

அது போதாதென்று காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த கறுப்பு ஓட்டுச் சிப்பி இது. ஆற்றின் அடித்தரையில் ஒன்றோடொன்று நூல் விட்டு ஒட்டிக்கொண்டு பாய் விரித்தது மாதிரி மூடிவிடுகிறது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பிராணி. புதைய சேறு கிடைக்கவில்லை என்றால் அது அங்கே தங்காது. கையால் இறால் தடவுகிறவர்கள் கை வைக்கும் இடமெல்லாம் கூரான ஓடு. மட்டி எடுத்து வந்த இடத்தில் இப்போது இதுதான் இருக்கிறது.

சமையலறைக்கு இதில் என்ன வேலை என்றால், மட்டி, ஆழி இரண்டும் தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள். தண்ணீரில் உள்ள கன உலோகங்கள் அதன் சதையில் சேரும். அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கழிமுகத்துக்குள் எடுத்த மட்டியைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது. கடலில் ஓடித்திரியும் கவலைக்கும் கானாங்கெளுத்திக்கும் இதே கணக்கைப் போடக் கூடாது, அவை வேறு தண்ணீர். அதே நேரம், 'எண்ணூர் மீன் வேண்டாம்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் அடி விழுவது சாம்பலைக் கொட்டினவர்கள் மேல் இல்லை. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் வலை வைத்திருக்கிறவர்கள் மேல்தான் விழும். அதனால் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். கடல் மீன் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆறு ஏன் இப்படி ஆனது என்றும் அவர்களிடமே கேளுங்கள். அதிகாரிகளின் அறிக்கையில் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கிறது.

இனி அடுப்பு. நாலு பேருக்கு முக்கால் கிலோ கவலை. தலையும் குடலும் போக அரைக் கிலோ நிற்கும். வெட்டிக் கொடுக்க ஆள் இருந்தாலும் கவலையை வீட்டில் சுத்தம் செய்வதுதான் சரி. அவசரத்தில் வெட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள். ஒன்று, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வு. விரலால் தேய்த்தாலே உரிந்து வரும். அதை விட்டால் குழம்பு கசந்து நிற்கும். இன்னொன்று, நடுமுள்ளை ஒட்டி ஓடும் ரத்தக்கோடு. கட்டைவிரல் நகத்தால் கீறி, குழாய்த் தண்ணீரில் விட்டால் போய்விடும். கவுச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. தலையை வெட்டும்போது முழுக்க அறுக்காமல், பாதி அறுத்து இழுத்தால் குடல் தலையோடு சேர்ந்து வந்துவிடும், பித்தப்பை உடையாது. உடைந்தால் பச்சையாக ஒழுகும். அந்த மீனை உடனே தனியே எடுத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும். சினை இருந்தால் வீசாதீர்கள், அது வறுவலுக்கு.

உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் மீன் கழுவுகிற மண்சட்டியில் ஒரு கை கல் உப்பும் அரை ஸ்பூன் மஞ்சளும் போட்டு, மீனை மெதுவாக உரசி மூன்று தண்ணீரில் அலசுங்கள். கவலைக்கு அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் கிழியும். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து இரண்டு நிமிஷம் வைத்து எடுத்தால் கவுச்சி அடங்கும். மீன் வாசனை தருவது அமைன் என்ற, அமிலத்துக்கு நேர் எதிரான காரப் பொருள்கள். புளியின் அமிலம் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும். அதற்கு மேல் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், சதை ருசி இழந்து சொதசொதக்கும்.

குழம்புக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, அதாவது 35 கிராம், வெந்நீரில் கால் மணி நேரம் ஊறட்டும். எல்லாம் சேர்த்து மூன்று டம்ளர் கரைசல் வர வேண்டும். சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 12 பல், நாட்டுத் தக்காளி இரண்டு, பச்சை மிளகாய் இரண்டு. மிஷினில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூள் இருந்தால் மூன்று மேசைக்கரண்டி. இல்லையென்றால் மிளகாய்த்தூள் ஒன்றரை, தனியாத்தூள் இரண்டு. மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கல் உப்பு இரண்டு டீஸ்பூன். நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, இதில் கஞ்சத்தனம் கூடாது. தேங்காய் வேண்டாம். தேங்காய் அரைத்த குழம்பு மறுநாளைக்கு நிற்காது, கவலையின் ருசியையும் மூடிவிடும்.

எண்ணெய் காய்ந்ததும் அரை டீஸ்பூன் கடுகு, பொரிந்ததும் அரை டீஸ்பூன் வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்தில் இருக்கும்போதே வெங்காயத்தையும் பூண்டையும் கறிவேப்பிலையையும் கொட்டிவிட வேண்டும். பழுப்பைத் தாண்டினால் கசப்பு, பிறகு ஒன்றும் செய்ய முடியாது, எண்ணெயைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழி. வெங்காயம் ஓரம் சிவக்க ஏழெட்டு நிமிஷம். தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து, தக்காளி கரைந்து எண்ணெய் ஒதுங்கும் வரை வதக்குங்கள். தீயைக் குறைத்துத் தூளைப் போட்டு, உடனே ஒரு கரண்டி புளித்தண்ணீர் தெளித்துக் கிளறினால் தூள் கருகாது. ஒரு நிமிஷம் கழித்து மீதிப் புளிக்கரைசலும் உப்பும்.

இதற்கு மேல்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மீன் போடுவதற்கு முன்னால் குழம்பு கால் மணி நேரமாவது கொதித்து, நாலில் ஒரு பங்கு வற்றி, மேலே எண்ணெய் மிதக்க வேண்டும். புளியின் பச்சை வாசம் போக அவ்வளவு நேரம் எடுக்கும். கவலைக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று புளி பச்சையாக நிற்கும், இல்லையென்றால் மீன் கரைந்து முள்ளும் குழம்புமாகிவிடும். இந்தக் கட்டத்தில் ருசி பாருங்கள். உப்பும் புளிப்பும் காரமும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். மீன் தண்ணீர் விடும், உப்பை உறிஞ்சும், எல்லாம் சரியாகிவிடும்.

தீயைக் குறைத்து, குழம்புக்கு ஒதுக்கிய மீனை ஒவ்வொன்றாகப் படுக்க வையுங்கள். ஆறு மீனை வறுவலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். கரண்டி போடவே கூடாது. சட்டியின் இரண்டு பக்கத்தையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நாலாவது நிமிஷத்தில் ஒரு மீனின் முதுகைக் கரண்டி முனையால் தொட்டுப் பாருங்கள், சதை முள்ளிலிருந்து விலகினால் அடுப்பை அணைத்துவிடலாம். மண்சட்டி என்றால் அதற்கும் ஒரு நிமிஷம் முன்னாலேயே அணையுங்கள், சட்டிச் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளி அதை அரிக்கும். மாங்காய்ப் பருவமாக இருந்தால் புளியைப் பாதியாக்கி, புளிப்பு மாங்காய் பாதியைத் துண்டு போட்டு, மீனுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் சேர்க்கலாம்.

குறைந்தது அரை மணி நேரம் மூடி வைத்த பிறகுதான் பரிமாற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் குழம்பு தனி, மீன் தனி. அந்த அரை மணியில் வறுவலை முடித்துவிடலாம். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போடுங்கள். மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள் கால், உப்பு அரை, அரிசி மாவு ஒரு டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சைச் சாறு. குழைத்துத் தடவி இருபது நிமிஷம். ஒரு மணி நேரம் ஊறினால் இன்னும் நல்லது என்பது கோழிக்குச் சரி. கவலையில் உப்பு தண்ணீரை இழுத்து வெளியே விட்டு மசாலாவைக் கழற்றிவிடும். இரும்பு தோசைக்கல்லில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். மீனை வைத்த பிறகு மூன்று நிமிஷம் தொடக் கூடாது. அடிப்பக்கம் மொறுமொறுப்பாகக் கட்டியதும் மீன் தானாகக் கல்லை விடும். அதற்கு முன்னால் திருப்பினால் தோல் கல்லோடு நின்றுவிடும். கல் காயாததும் மீன் ஈரமாக இருந்ததும்தான் ஒட்டுவதற்கு இரண்டு காரணங்கள். சினையைக் கடைசியில் தீயைக் குறைத்து, மூடி போட்டு வறுங்கள், அது வெடித்து எண்ணெயைத் தெறிக்கும்.

சாதம் கொஞ்சம் குழைந்திருந்தால் இந்தக் குழம்புக்கு நன்றாக இருக்கும். மிஞ்சியதைச் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே வைக்கிற பழைய வழக்கம் மே மாதச் சென்னைக்கு ஒத்துவராது. மறுநாள் மீனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு மீனை உள்ளே விடுங்கள். தலையையும் குடலையும் குப்பையில் போடாமல், கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு முழம் தள்ளி, பூனை தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம். மேல்மண்ணில் போட்டால் இரண்டு நாளில் தெருவே கேட்கும்.